காஜா பேராங்குக்குக் கடல் வந்த விதம்

மலாக்காவைப் போர்த்துக்கீசியர் வென்றனர்; அவர்களிடமிருந்து டச்சுக்காரரும், பிறகு ஆங்கிலேயரும் அதைப் பெற்றனர்; காலம் இவர்கள் எல்லோரையும் வென்றது. காலத்துக்குப் பின் ஊரைக் கைப்பற்றியவர்கள் கருணாகரனின் உறவினர்கள். அவர்கள் பீரங்கி கொண்டுவரவில்லை. துவட்டிக்கொள்ளத் துண்டுகூடக் கொண்டுவரவில்லை.

கடலிலிருந்து தள்ளி, ஊரின் காஜா பேராங் பகுதியில் குடியிருந்த கருணாகரன் ஒரு ரப்பர் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "மலாக்காவுக்கு வந்தா நம்ம வீடுதான், வேற எங்கயாச்சும் தங்கினா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று பந்தியில் எழுந்து நின்று சொல்லிவிடுவார். அதை நம்பி ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். கருணாகரன் தொப்பியும் கைத்தடியுமாக அவர்களைக் கோட்டை வாசலுக்கும், குன்றின் மேலிருக்கும் இடிந்த தேவாலயத்துக்கும், சாயங்காலம் கிளேபாங் கடற்கரைக்கும் கூட்டிப்போய், எல்லாவற்றையும் தானே முன்னின்று கட்டியவர்போல் விளக்குவார். அவர் மனைவி சந்திரமதி சமைப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கோட்டையைப் பார்த்ததில்லை. கேட்டபோதெல்லாம், "அது எங்க போயிடப்போவுது? நானூறு வருசமா அங்கதான் நிக்குது" என்பார் கணவர். அது உண்மைதான்.

கிளேபாங்கிலிருந்து திரும்புகிறவர்கள் காலோடு மணலையும் கொண்டுவந்தார்கள். சந்திரமதி கூட்டிப் பெருக்கிப் பின்வாசலில் தள்ளினாள். வருஷக்கணக்கில் சேர்ந்த மணலில் முதலில் நண்டு குடியேறியது, பிறகு அடப்பங்கொடி படர்ந்தது. ஐம்பத்தாறாம் ஆண்டு மழை ஓய்ந்த ஒரு காலையில் கடல் தன் மணலைத் தேடிக்கொண்டு, கடலோரத் தெங்கேரா வழியாகப் பெரிய சாக்கடையைப் பிடித்து ஏறிவந்து, பின்வாசல் துவைகல்லுக்குப் பக்கத்தில் நின்றது. அந்த வாரம் காஜா பேராங்கில் மீன் விலை கொஞ்சம் இறங்கியது. வேறு பாதிப்பு எதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு மரியம், மளிகைக் கடைக்காரரின் மனைவி, வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, இதுவும் உங்க ஊட்டுக்காரரோட சொந்தமா?"

"சொல்லாமத்தானே வந்திருக்கு. சொந்தமாத்தான் இருக்கும்" என்றாள் சந்திரமதி. "ஆனா இது ஒண்ணுதான் இன்னும் கோப்பி கேக்கல."

கருணாகரன் பின்வாசலில் பெஞ்சுகள் போட்டார். சரித்திரம் தன் வீட்டைத் தேடிவந்துவிட்டது என்று அடுத்த மூன்று கல்யாணங்களில் பேசினார். கூட்டம் பெருகியது. முன்பெல்லாம் எல்லோரும் கிளேபாங் போகும் நேரத்தில் வீடு காலியாக இருக்கும். சந்திரமதி சுவரில் சாய்ந்து கால் நீட்டுவாள். அவளுக்கு வாய்த்த ஓய்வு அவ்வளவுதான். இப்போது கிளேபாங் போக வேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை. காலையிலிருந்து அலையில் கால் நனைத்தபடி, திரும்பிப் பார்க்காமலே, "அண்ணி, ஒரு கோப்பி!" என்றார்கள். குடித்த குவளைகளில் பாதியை அலை கொண்டுபோனது. மீதியை அவள் கழுவினாள்.

மறு வருஷம் மெர்டேக்கா, அதாவது நாட்டின் சுதந்திரம், வந்தபோது கூடத்தில் ஒருவர் காலடியில் இன்னொருவர் தலை கிடந்தது. அன்று காலை கருணாகரன் பெஞ்சின் மேல் ஏறி நின்று முழங்கினார். "இனிமே நமக்கு எசமான் யாரும் கிடையாது! நம்ம காலு, நம்ம இஷ்டம்! சந்திரா, சோறு ஆச்சா?"

சந்திரமதி அண்டாவோடு வெளியே வந்தாள். "நான் இன்னிக்குக் கோட்டையைப் பாக்கப் போறேன்."

"இத்தனை பேரை வச்சுக்கிட்டா? நாளைக்குப் போலாம்."

"நாளைக்கு யாரு வர்றா?"

கருணாகரன் கொஞ்சம் யோசித்தார். "கிள்ளான்காரங்க."

அவள் அண்டாவிலிருந்த அரிசியையும் தண்ணீரையும் மணலில் கொட்டினாள். அண்டாவைத் தண்ணீரில் இறக்கி, உள்ளே உட்கார்ந்து, சோற்றுக் கரண்டியால் துழாவினாள். கடல் இறங்குகிற நேரம். அண்டா போனது. இதுவும் ஊர் காட்டுவதில் ஒன்று என்று எண்ணி விருந்தினர் கைதட்டினார்கள். "அண்ணி, வரும்போது அப்படியே வடை வாங்கிட்டு வாங்க!" என்று கத்தினான் ஈப்போ சேதுபதி, கருணாகரனின் சித்தப்பா மகன். வீட்டிலிருந்த ஒரே பெரிய பாத்திரம் அதுதான் என்பது அவர்களுக்கு வயிற்றின் வழியாகத்தான் தெரிந்தது. மத்தியான பஸ்ஸுக்கே பலர் கிளம்பிவிட்டார்கள்.

சந்திரமதி தெங்கேராவைத் தாண்டி, குன்றுக்குப் பக்கத்தில் கரையேறி, அண்டாவைக் கவிழ்த்துவைத்துவிட்டு மேலே ஏறினாள். உச்சியில் காற்று நன்றாக இருந்தது. மறுபக்கம் இறங்கினால் கோட்டை வாசல். மூச்சு வாங்கவே, இடிந்த தேவாலயத்தின் சுவரோரம் கொஞ்சம் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்தபின், ஏறுகிற தண்ணீரோடு வீடு வந்து சேர்ந்தாள்.

"கோட்டை எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டாள் மரியம்.

"நல்லா இருந்துச்சு."

அதற்குப் பிறகு யார் விருந்துக்கு வந்தாலும் சந்திரமதி அண்டாவில் ஏறிக் கோட்டை பார்க்கப் போய்விடுவாள். கருணாகரன் சின்னப் பானை ஒன்று வாங்கிக் கஞ்சி வைக்கப் பழகினார். கஞ்சிக்கு வரும் உறவினர் குறைவு. கடல் மட்டும் போகவில்லை. தபால்காரர் ‘கடல் வீடு’ என்ற விலாசத்துக்கே கடிதம் கொண்டுவந்தார். பெஞ்சுகளுக்கு மேலே, குன்றின் படம் போட்ட தபால் அட்டை ஒன்றைக் கருணாகரன் ஒட்டிவைத்திருக்கிறார். மெர்டேக்கா நாளில் யாரோ ஒரு சிங்கப்பூர்க்காரர் எடுத்த படம். எப்போதாவது வருகிறவர்களுக்கு அதில் ஒவ்வொரு கல்லாகக் கைத்தடியால் தொட்டு விளக்குவார். படத்தில், தேவாலயச் சுவரோரம் ஒரு பெண் கால் நீட்டி, கையில் கரண்டியோடு, வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். அந்த இடம் வந்ததும் தடி தாண்டிப் போய்விடும்.

கோட்டையைச் சந்திரமதி இன்னும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தூங்கிவிடுகிறாள்.