ஆராய்ச்சியும் கொஞ்சம் சிக்கரியும்

எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே ஆராய்ச்சி ஆரம்பமாகிவிடும். என் கணவர் ஜெயராமுக்கு செம்பூரில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை. அது பகலில். காலையில் போனைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு மனித குலத்தைப் படிப்பார்.

"லேகா, கேட்டியா? மேஜை அலங்கோலமா இருக்கறவாளுக்குத்தான் புத்தி ஜாஸ்தியாம். ஆராய்ச்சி சொல்றது."

அன்றிலிருந்து அவர் ஈரத்துண்டு நாற்காலியில்தான் கிடக்கிறது. எடுத்தால் புத்தி குறைந்துவிடுமாம். கொட்டாவி பாசமுள்ளவர்களிடம்தான் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நாள் வாசித்துவிட்டு, என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் வந்தது உபகார ஆராய்ச்சி. "ஒருத்தருக்கு நம்மளைப் பிடிக்கணும்னா, நாம அவாளுக்கு உபகாரம் பண்ணப்படாதாம். அவாகிட்ட உபகாரம் கேக்கணுமாம். செஞ்சு குடுக்கறவாளுக்குத்தான் நம்ம மேல பிரியம் வருமாம்!"

உடனே எதிர்வீட்டு அனந்தநாராயணனிடம் போய் ஏணி கேட்டு வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் ஏறுவதற்குப் பரணே கிடையாது. ஏணி வாசலோரம் சும்மா நின்றது. அனந்தநாராயணன் தினமும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாரே தவிர, பிரியம் வந்த மாதிரி தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஒரே பெண் ஹரிதா, ராஜகுமாரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். கல்லூரியில் கூடப் படித்தவன். அவன் அப்பா செல்லத்துரை திருநெல்வேலிக்காரர், தாராவியில் மளிகைக்கடை. பையனும் கடையைத்தான் பார்க்கிறான்.

என் கணவர் கத்தவில்லை. போனை எடுத்தார். "ஒரே மாதிரி குடும்பத்துலேர்ந்து வந்தவாதான் கடைசிவரை சந்தோஷமா இருக்காளாம். ஆராய்ச்சி சொல்றது."

"எந்த ஆராய்ச்சிப்பா? யார் பண்ணினா?" என்றாள் ஹரிதா.

அவர் விரல் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஜாதி என்று சொல்ல வாய் கூசுகிறது. படித்த மனுஷர் இல்லையா! ஆராய்ச்சி என்றால் கூசாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனை அரிசி டப்பாவில் புதைத்திருப்பேன்.

"பஸ், போதும்ப்பா. உங்க சம்மதம் இல்லாம நான் பண்ணிக்க மாட்டேன். வேற யாரையும் பண்ணிக்கவும் மாட்டேன்," என்று ஹரிதா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுதது சமையலறை வரை கேட்டது.

மறுநாள் பால் வாங்கக் கதவைத் திறந்தபோது அந்த ஏணி கண்ணில் பட்டது. நேரே போய் ராஜகுமாருக்குப் போன் செய்தேன்.

"மாமாகிட்ட ஒரு உபகாரம் கேளு."

"என்னத்த ஆன்ட்டி கேக்க?"

"காபியைப் பத்திக் கேளு."

காபி குடிப்பதைத் தவிர காபியில் என் கணவருக்கு ஒரு வேலையும் கிடையாது. குறை சொல்வதில் மட்டும் அவரை மிஞ்ச எங்கள் மாட்டுங்காவில் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ராஜகுமார் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றான். "அங்கிள், கடையில காபிப்பொடி போடலாம்னு அப்பா சொல்லுதாங்க. எங்களுக்கு டீதான் தெரியும். நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லணும்."

வாயே திறப்பதில்லை என்ற முடிவோடுதான் அவர் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பொடியில் காபி போட்டு வைத்தேன். ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"சிக்கரி எவ்வளவு போட்டே?"

"பாதிக்குப் பாதி, அங்கிள்."

"பாதியா! அடப்பாவி, இது காபியா கஷாயமா?"

அவ்வளவுதான், பிரசங்கம் தொடங்கிவிட்டது. கொட்டையை எப்படி வறுக்க வேண்டும், எப்படி அரைக்க வேண்டும், டிகாக்‌ஷன் எப்படி இறங்க வேண்டும்! டிகாக்‌ஷன் இறங்குவதை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. பையன் பவ்யமாகக் கேட்டுக்கொண்டான். அடுத்த வாரம் சிக்கரியைக் குறைத்துக் கொண்டுவந்தான், அதற்கடுத்த வாரம் இன்னும் குறைத்து. பிறகு ஒரு ஞாயிறு இவரே தாராவிக்குக் கிளம்பிப் போய், சட்டையெல்லாம் காபிப்பொடியாகத் திரும்பி வந்தார்.

அன்று சாயங்காலம் அனந்தநாராயணன் வாசலில் பிடித்துக்கொண்டார். "என்ன ஜெயராம், அந்தத் தாராவிப் பையன் அடிக்கடி வரான்? பொண்ணு இருக்கற ஆத்துக்கு. நாலு பேர் நாலு விதமா பேசுவா."

"பேசட்டுமே! ஒரு விஷயம் சொன்னா அப்படியே பிடிச்சுக்கறான். இந்த பில்டிங்ல எவன் என் பேச்சைக் கேட்டிருக்கான்? என் மாப்பிள்ளையை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க ஏணியை எடுத்துண்டு போங்கோ!"

உள்ளே ஹரிதா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இவர் வந்து உட்கார்ந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்தார்.

"வேற வேற குடும்பத்துலேர்ந்து வந்தாலும் நன்னாத்தான் இருப்பா," என்றார்.

"ஆராய்ச்சி சொல்றதா?" என்றேன்.

"இல்லை. நான் சொல்றேன்." போனைக் கவிழ்த்து வைத்தார். ஹரிதா ஓடிவந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தலையைத் தடவியபடியே என்னைப் பார்த்தார். "லேகா, சூடா ஒரு காபி போட்டுக் கொண்டாயேன்."

ஜெயித்த மிதப்பில் சமையலறைக்குப் போனேன். பாலைப் பொங்கவிட்டுக் காத்திருந்தபோதுதான் உறைத்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனுஷருக்குக் காபி, சட்டைப் பித்தான், மாத்திரை என்று எல்லாம் நான்தான் பார்க்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீர் அவர் எனக்கு மொண்டு தந்ததில்லை. இருந்தும் இவரை ஏன் இவ்வளவு பிடித்துத் தொலைக்கிறது என்று எத்தனையோ முறை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

காரணத்தை அவரே அந்த உபகார ஆராய்ச்சியில் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். பாவி மனுஷர்!

சர்க்கரையை ஒரு ஸ்பூன் கூடவே போட்டு ஆற்றி எடுத்துக்கொண்டு போனேன்.