பதின்மூன்று வளைவு, பதின்மூன்று எழுத்து

அடிவாரத்திலிருந்து மேலக்கொம்பைக்குப் போகும் பேருந்து குறுக்கெழுத்தில் ஓடுகிறது. காலைச் செய்தித்தாளில் ஆறாம் பக்கம் வருகிற புதிர்தான். விடையில் எத்தனை எழுத்தோ, அத்தனை வளைவு. 'கீழிருந்து மேல்' குறிப்புக்கு விடை சொன்னால் வண்டி ஏறும். 'மேலிருந்து கீழ்' குறிப்புகளை ஊர் திரும்புவதற்கென்று தொடாமல் வைத்திருப்பார்கள். இடம் வலமாகப் போகும் சொற்கள் எதிரே வரும் லாரிக்கு ஒதுங்கிக்கொள்ள உதவும். மலையில் மொத்தம் பதின்மூன்று வளைவு. ஏறுவதற்குப் புதிர் போடுகிறவர் ஒருநாளும் ஓர் எழுத்துக் குறைத்ததில்லை. இறங்கும்போது கடைசி மூன்று வளைவு வண்டி தானே உருண்டுவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை பரிமளம் மூன்றாவது இருக்கையில் கல்யாணப் பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பத்து நான்கு. அடிவாரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாப்பிள்ளை அமலதாஸ் மேலே பேரிக்காய்த் தோட்டம் வைத்திருந்தார். ஆறு வருஷமாக இருவரும் தினமும் காலையில் போனில் குறுக்கெழுத்தைப் பற்றி மட்டுமே பேசிவந்தார்கள். ஒருநாள் பத்திரிகையில் புதிர் அச்சாகவில்லை. பேச வேறு விஷயம் இல்லாததால் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்கள்.

மேலே கல்யாணப் பதிவாளர் ஒரு மணிக்குச் சாப்பிடப் போவார். போனால் திங்கட்கிழமைதான் திரும்புவார்.

கண்டக்டர் காஜா மைதீன் டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு, தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு முதல் குறிப்பைப் படித்தார். "பல உறைப்பு சேர்ந்தால் தீபாவளித் தட்டில் வரும். அஞ்செழுத்து."

"பலகாரம்!" என்று முன் பாதி கத்தியது. "பல, காரம்" என்று பின் பாதி விளக்கம் சொன்னது. வண்டி ஐந்து வளைவு ஏறியது.

"இன்னும் பிறக்காத ஆடு, வெயிலில் காயும் மீன். நாலெழுத்து."

இதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. மீன் பெயர் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். வண்டி இருமியதே தவிர நகரவில்லை. பரிமளத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப்பொண்ணு மேலே விற்பதற்காகக் கருவாட்டுக் கூடையோடு வந்தவள். அவளும் மடியில் கூடையை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"கருவில இருக்கிற ஆடுன்னா..." என்று ஆரம்பித்தவள் கூடையைக் குனிந்து பார்த்தாள். "அடப்பாவி, கருவாடு!"

நான்கு வளைவு. பெரிய கைத்தட்டல். ஒன்பதாவது வளைவில் வண்டி நின்றபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் பரிமளம் கண்டக்டரின் தோளுக்கு மேலாக எட்டித் தாளைப் பார்த்தாள். 'தலையே, தள்ளிப் போ! அரசாங்கம் இருக்கும் ஊர் (5)' என்றிருந்தது. இவ்வளவு அழகான குறிப்பை அவள் வெகுநாளாகப் பார்த்ததில்லை.

"தலை, நகர்! தலைநகர்!" என்று கூவிவிட்டாள்.

அது 'மேலிருந்து கீழ்'. வண்டி நிதானமாகப் பின்பக்கமாக ஐந்து வளைவு இறங்கியது. சற்றுமுன் கையசைத்த டீக்கடைக்காரர் மறுபடியும் கையசைத்தார்.

"நல்ல குறிப்புதான்க்கா" என்றார் காஜா மைதீன். "ஆனா ஏறுறதுக்கு இனிமே நாலெழுத்துதான் பாக்கி. விழிக்குப் பின்னே ஒரு மாதம், போட்டால் தெரியும்."

"கண்ணாடி" என்றாள் பரிமளம் மெல்ல. "கண், ஆடி." அது அவள் தொழில்.

எட்டாவது வளைவில் வண்டி நின்றது. மணி பன்னிரண்டரை. ஐந்து எழுத்து குறைந்தது. அமலதாஸ் போன் செய்தார்.

"எங்கே இருக்கே?"

"எட்டாவது வளைவு."

"நான் காலையிலேயே எல்லாத்தையும் போட்டுட்டேன். மிச்சம் இருக்கிறதைச் சொல்லட்டுமா?"

"வாயைத் திறக்காதீங்க. நானே வர்றேன்." போனை வைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இடம் வலச் சொற்கள் லாரிகளுக்கே தீர்ந்துபோய், தாளில் ஒரே ஒரு குறிப்புதான் மிச்சம் இருந்தது. 'வடம் பிடித்தவர்கள் கூச்சல். எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் ஒன்றே (5)'. விடை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது 'மேலிருந்து கீழ்'. ஆகவே எல்லோரும் உதட்டை இறுக்கிக்கொண்டு கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தார்கள். சின்னப்பொண்ணு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

பரிமளம் பென்சிலை வாங்கி, கடைசிக் கட்டத்திலிருந்து மேலே மேலே எழுதிக்கொண்டு போனாள். தே. ரு. வ. ரு. தே. தாளைக் கண்டக்டரிடம் நீட்டினாள்.

"கீழேயிருந்து எழுதினாலும் அதேதான் வருது."

காஜா மைதீன் இரண்டு தடவை சரிபார்த்தார். டிரைவர் மூக்கையா திரும்பிப் பார்த்தார். "நாம கீழேயிருந்து சொல்றோம்னு வண்டிக்கு எப்படிம்மா புரியும்?"

"குனிஞ்சு ஆரம்பிச்சு நிமிர்ந்து முடிப்போம்" என்றாள் பரிமளம்.

முப்பத்திரண்டு பயணிகளும் இருக்கைகளுக்கு நடுவே குந்தினார்கள். முதல் எழுத்தைத் தரையோடு சொன்னார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் கொஞ்சம் எழும்பி, கடைசி 'தே'யில் கை கூரையைத் தொட நின்றார்கள். வண்டி ஒரு விநாடி யோசித்தது. பிறகு ஏறத் தொடங்கியது. "தேரு வருதே! தேரு வருதே!" என்ற கூச்சல் மேலக்கொம்பை வரை கேட்டது. ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அமலதாஸ் பேருந்து நிலையத்தில் மாலையோடு நின்றிருந்தார்.

"எப்படிப் போட்டே?" என்று கேட்டார்.

"கீழேயிருந்து."

அவர் அதை நினைத்து நினைத்துப் பதிவு அலுவலகம் வரை சிரித்துக்கொண்டே வந்தார். இறங்குவதற்கு வண்டியில் ஒரு சொல்லும் மிச்சமில்லை. ஆகவே நாளைய தாள் வரும்வரை எல்லாப் பயணிகளும் கல்யாணத்துக்கு இருப்பதென்று முடிவாயிற்று.

பதிவாளர் மூன்று சாட்சி கேட்டார். காஜா மைதீன் கையெழுத்துப் போட்டார். சின்னப்பொண்ணு போட்டாள். மற்றவர்கள் அதற்குள் பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விட்டார்கள். பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து, மேஜைக்கு முன்னால் ஒழுங்காக நின்றது. பதிவாளர் பேனாவை அதனிடம் நீட்டினார். மை கொஞ்சம் பரவியது. மற்றபடி நல்ல கையெழுத்து. பரிமளம் தட்டை நீட்டினாள். மூடுபனி இரண்டு லட்டு எடுத்துக்கொண்டது. ஒன்று வீட்டுக்கு என்றது.