ஒரே மரத்தடியில் வைத்த சோறு

வேப்பமரத்தில் வெயில் இறங்குவதற்கு முன்பே ஒரு வால் இறங்கிவரும்.

நின்று, நடுங்கி, மறுபடி நின்று. முதலில் வால் அசையும். பிறகுதான் அணில் இருப்பதே தெரியும்.

அந்த வாலுக்காகத்தான் தெய்வானை இருட்டோடு எழுந்துகொள்கிறாள். ஊறவைத்த நிலக்கடலை. கொட்டாங்குச்சியில் ஊற்றத் தண்ணீர். கோயமுத்தூரின் அந்தச் சின்னப் பூங்காவில் கேட் திறக்கும்போது முதல் ஆளாக அவள் நிற்கிறாள்.

இன்னொரு கையில் ஒரு போசி, மூடிபோட்ட சின்னப் பாத்திரம். அதில் சோறு. அது காக்கைக்கு.

கணவர் பொன்னுசாமி போன மார்கழியில் கண்மூடியதிலிருந்து, காக்கை கொத்திய பிறகுதான் அவள் வாயில் பருக்கை படும். மரத்தை ஒட்டிய மதில்மேல் சோறு. மரத்தின் வேரில் கடலை. ஒரே மரத்தடியில் இரண்டு புண்ணியம் என்று மனதுக்குள் ஒரு நிறைவு.

காக்கைகளில் ஒன்றுக்கு இடது இறகு சற்றே தொங்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் பாய்ந்து வரும். பொன்னுசாமியும் அப்படித்தான். இலை போடுவதற்குள் வந்து உட்கார்ந்துவிடுகிற மனிதர்.

"அக்கா, உங்க வூட்டுக்காரரு வந்துட்டாருங்க," என்பான் வாட்ச்மேன் மாரப்பன். "நெய் பத்தலைன்னு மூஞ்சியத் தூக்கறாரு பாருங்க."

"போடா," என்பாள். சிரிப்பு வந்துவிடும். அன்றைக்கு முழுவதும் அந்த ஒரு சிரிப்புதான்.


ஐப்பசி. காற்று அடித்து ஓய்ந்திருந்தது. மழை முடிவெடுக்காமல் நின்றது. வானத்தில் ஒரு பக்கம் வெளுப்பு, ஒரு பக்கம் கறுப்பு.

அன்று வால் இறங்கவில்லை.

கீச், கீச், கீச். மேலே, மிக மேலே, ஒரு குரல். மூச்சுவிடாமல்.

வேரடியில் கூடு விழுந்துகிடந்தது. நார், பஞ்சு, எந்தக் கொடியிலோ காய்ந்த துணியின் நூல். நடுவில், ஒரு விரல் நீளத்தில், ஒரு குட்டி. கண் திறக்கவில்லை. முதுகில் கோடுகள் மட்டும், இப்போதுதான் யாரோ தடவிவிட்டது போல.

அணிலைப் பிள்ளை என்றே சொல்லிவைத்திருக்கிறார்கள் நம்மவர்கள். அணிற்பிள்ளை. அந்தச் சொல் அவள் நெஞ்சில் வந்து முட்டியது.

மதிலைப் பார்த்தாள். காக்கைகள்.

வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவள் பழக்கிய நேரத்தில், அவள் பழக்கிய இடத்தில். இவற்றை இந்த மரத்துக்குக் கூப்பிட்டது யார்?

ஒரு காக்கை கீழே குதித்தது. கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. சோறு வைத்த கையால் விரட்டுவதா? அவரையா?

போசியை இடுப்புச் சேலையில் செருகிக்கொண்டு, கூட்டோடு குட்டியை அள்ளினாள். கைக்கு எட்டிய கிளைக்கவையில் வைத்தாள். கீழே காவல் நின்றாள்.

தாய் பாதிமரம் வரை வந்தது. அவளைப் பார்த்தது. திரும்பி ஏறிவிட்டது.

அவள் சற்று விலகினாள். காக்கை கிளைக்குத் தாவியது. ஓடிவந்து நின்றாள். தாய் மேலே ஏறியது.

விலகினால் காக்கை. நின்றால் தாய் இல்லை. விலகினால் காக்கை. நின்றால் தாய் இல்லை.

கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. கை முந்தானையை முறுக்கியது, அவிழ்த்தது, மறுபடி முறுக்கியது. முருகா, முருகா என்று உதடு தன்பாட்டுக்கு ஓடியது. மேலே அந்தக் குரல் கம்மிக்கொண்டே வந்தது.

மாரப்பன் சாவியோடு வந்தான். காலையில் திறந்த பூங்காவை வெயில் ஏறியதும் பூட்டி, சாயங்காலம்தான் மறுபடி திறப்பார்கள்.

"அக்கா, பூட்டோணுங்க."

"செத்த இருடா மாரப்பா."

"எனக்கும் பசிக்குதுங்கக்கா. பேசாம வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க. பாலக் கீல ஊத்திப் பொழைக்க வெச்சுக்கலாம்."

"பெத்தவ மேல நின்னு கதறிட்டு இருக்கறா. நா எப்படிடா தூக்கிட்டுப் போவேன்?"

அவன் மரத்தைப் பார்த்தான். சாவியைக் கைமாற்றிக்கொண்டான்.

அப்போதுதான் தெய்வானை இடுப்பில் கனத்ததை உணர்ந்தாள். போசி. மூடி இன்னும் திறக்கவே இல்லை.

காக்கைகள் மரத்தைத் தேடி வந்தவை அல்ல. குட்டியைத் தேடியும் வந்தவை அல்ல. அவை சோற்றுக்கு வந்தவை. சோறு நடந்தால் அவையும் நடக்கும்.

"பூட்டிக்கடா," என்றாள்.


கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிரே பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் திட்டு. அதில் போசியைத் திறந்தாள். பருப்பும் நெய்யும் மணத்தன.

"கா... கா..."

இத்தனை நாளும் தனக்கே கேட்காத குரலில் கூப்பிட்டவள். இன்று பஸ் இரைச்சலுக்கு மேலே கூப்பிட்டாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஒன்று வந்தது. பின்னால் இன்னொன்று. மதில் மெல்லக் காலியாயிற்று.

ஒன்று மட்டும் வரவில்லை. இறகு தொங்குகிற அந்தக் காக்கை. எப்போதும் முதலில் வருவது, இன்று மரக்கிளையில் உட்கார்ந்து கவையையே பார்த்துக்கொண்டிருந்தது.

தெய்வானை மறுபடி வாயைத் திறந்தாள். கா என்று வரவில்லை. வேறொன்று வந்தது.

"ஏனுங்க..."

வாழ்நாளெல்லாம் அவரை அழைத்த அழைப்பு. அவர் போனபின் யாரிடமும் சொல்லாத சொல்.

"ஏனுங்க. சோறு ஆறுது. அது பச்சப்புள்ளைங்க. வேண்டாமுங்க. இங்க வந்துருங்க."

கூடையோடு நின்ற ஒரு பூக்காரம்மா கேட்டாள்: "யாரக் கூப்புடற அம்மிணி?"

"எங்க வூட்டுக்காரரத்தானுங்க."

பூக்காரம்மா சிரிக்கவில்லை. சற்றுத் தள்ளி நின்று இடம் விட்டாள்.

காக்கை தலையைச் சாய்த்தது. ஒரு கணம். இன்னொரு கணம். பிறகு சோம்பலாக எழும்பி, ரோட்டின் மேல் தாழப் பறந்து, மற்றவற்றை ஒதுக்கிக்கொண்டு இறங்கி, முதல் கொத்து கொத்தியது.

அந்த நேரத்தில் மரத்தில் தாய் அணிலின் குரல் நின்றது.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மௌனம் எதுவாகவும் இருக்கலாம். கும்பிட்ட கையோடு சோற்றையே பார்த்தாள். இரக்கத்துக்கும் இடம் பார்த்துத்தான் இலை போட வேண்டும் போலிருக்கிறது. நாளை முதல் காக்கைக்கு இந்தத் திட்டு. மரம் பிள்ளைகளுக்கு.

"அக்கா!" பூட்டிய கேட்டின் பக்கத்திலிருந்து மாரப்பன். பசியோடு வீட்டுக்குப் போகாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றிருந்தான். "அக்கா, வந்துருச்சுங்க! வாயில கவ்விருச்சு! பாருங்க, பாருங்க!"

பார்த்தாள்.

தாயின் வாயில் ஒரு சின்னச் சுருள். நின்று, நடுங்கி, மறுபடி நின்று. போசியின் அடியில் ஒட்டியிருந்த பருக்கையை அவள் விரல் தானாக வழித்து வாயில் வைத்துக்கொண்டது.

வேப்பமரத்தில் மழை இறங்குவதற்கு முன்பே ஒரு வால் ஏறிப்போனது.