வெயிலுக்குத் திரும்பிய கைகாட்டி

மலை நடைபாதைகளில் கைகாட்டி நடுவதுதான் அவன் பிழைப்பு. பதினெட்டு வருஷமாக நட்டதில் சுற்றுலாத் துறை அலுவலகத்தில் பெயரே கம்பத்தார் என்றாகிவிட்டது. இயக்குநருக்கு அதுவும் வாயில் நுழையாது. "ஏய், குழி!" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த மகானுபாவர் பதினொரு நாளுக்கு முன்னால், பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு கைகாட்டியைத் திறந்துவைக்க எழுந்தருளினார். கைகாட்டி எப்போது மூடியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. 'வழிகாட்டுவதே தலைமையின் உயிர்மூச்சு' என்று முக்கால் மணி நேரம் முழங்கினார். கேட்டவர்கள் ஆறு பேர். ஆறு பேருமே சம்பளத்துக்குக் கேட்டார்கள்.

"சார், எழுத்து நிழல்ல விழுது" என்றான் போட்டோக்காரன்.

"திருப்புய்யா அதை."

"திருப்பினா அருவிக்குப் போற அம்பு பழைய கல்குவாரியைக் காட்டுமுங்க" என்றான் கம்பத்தார்.

"ஒரு போட்டோ எடுக்கறதுக்குள்ள எவன் அருவிக்கு ஓடப்போறான்? நாளைக்குத் திருப்பிக்கோ."

திருப்பினான். வெயில் பட்டு எழுத்து பளிச்சிட்டது, இயக்குநரின் பல்லும்தான்.

மறுநாள் அவனை இயக்குநர் அறைக்குப் பெயர்ப்பலகை மாட்ட அனுப்பினார்கள். அதற்கடுத்த நாள் அந்தப் பலகை நாலு விரற்கடை மேலே ஏற வேண்டுமாம். நாளை நாளையாகவே நின்றது. கம்பத்தை நேராக்கணும் என்று ஒரு தரம் எழுதிக்கொடுத்தான். பதில் வரவில்லை. நமக்கென்ன வந்தது என்று விட்டுவிட்டான்.

முந்தாநாள் காலைப் பனியில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் குவாரிப் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனார். உடலைக் கீழ்வழியாகவே எடுத்துப்போனதால் கைகாட்டிப் பக்கம் யாரும் வரவில்லை. இன்று பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார். அதற்குள் கம்பம் நேராக வேண்டும் என்பது இயக்குநரின் உத்தரவு.

விடிந்ததும் மச்சானோடு வேனில் போய் இறங்கினான். பெண்டாட்டியின் தம்பி, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. கம்பத்தைச் சுற்றித் தோண்டி, அருவிப் பக்கம் திருப்பி, மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாள் தனியாக நடந்து வந்தாள்.

"அருவிக்கு இப்படித்தானா?" என்றாள், அம்பைப் பார்த்து.

"ஆமாம்மா" என்று முந்திக்கொண்டான் மச்சான்.

"அப்ப எங்க வீட்டுக்காரர் ஏன் அந்தப் பக்கம் போனார்?"

மச்சான் குனிந்து மண்ணை வேகமாகத் தள்ளினான்.

"முப்பத்தாறு வருஷம் தபால் கொடுத்தவருங்க. ஒரு கடுதாசி வீடு மாறிப் போனதில்லை. மாத்திரை அட்டையைக்கூட ரெண்டு தரம் படிப்பார். ஸ்டேஷன்ல, குடிப்பாரான்னு கேக்கறாங்க. புத்தி சரியா இருந்துச்சான்னு கேக்கறாங்க. என் பையனே கேக்கறான்."

"மாமா, மண்ணைப் போடுங்க, நேரமாச்சு" என்றான் மச்சான்.

கம்பத்தார் கடப்பாரையைக் கீழே போட்டான். "உங்க வீட்டுக்காரர் சரியாத்தாம்மா படிச்சிருக்கார். தப்பா நட்டது நான்."

"மாமா! அடுத்த மாசம் எனக்கு வேலை நிரந்தரம். அக்காவை நினைச்சுப் பாத்தீங்களா?"

"நினைச்சுத்தாண்டா ரெண்டு நாளா வாயத் திறக்கலை."

தள்ளிய மண்ணைத் திரும்ப வாரினான். கம்பத்தைக் கட்டிப்பிடித்துக் கால்வட்டம் திருப்பினான். அம்பு மறுபடி குவாரியைக் காட்டியது. "அதிகாரி இப்படியே பாக்கட்டும்" என்றான். மச்சான் காறித் துப்பிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனான். அலுவலகத்துக்குத்தான் போவான். இயக்குநர் வர அரை மணி நேரம்கூட ஆகாது. அதிகாரி வரவோ இன்னும் இரண்டு மணி நேரம்.

அந்தம்மாள் அம்பு காட்டிய திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டோக்கு நல்லா இருக்கணும்னு திருப்பச் சொன்னாங்கம்மா" என்றான் மெல்ல.

"சொன்னாங்க. திருப்பினது நீங்கதானே?"

"நான்தான்."

அவள் பாதையோரக் கல்லில் உட்கார்ந்தாள். அவனை உட்காரச் சொல்லவில்லை. அவன் கம்பத்தைப் பிடித்தபடி நின்றான். குழியில் மண் இன்னும் இறுகவில்லை.