பரிந்துரைக்கப்பட்டது

மூன்றாவது தடவையாக அனிதா கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ஏதோ நாலு எழுத்து ஒரு நொடி மின்னியது, பிறகு திரை கருத்துப்போனது. கட்டிலில் அறிவழகனின் மூச்சு இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. காலையில் வந்த டாக்டர், சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர்களில் பாதிப் பேருக்குச் சேலை டிசைன் போட்டுக் கொடுத்தவன் அவள் புருஷன். நரம்பு நோய் முதலில் கையை வாங்கியது, அப்புறம் வாயை. மிஞ்சியது வலது ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அதனடியில் மவுஸை வைத்துப் பிளாஸ்திரி போட்டிருந்தாள். திரையில் ஓர் எழுத்துப் பலகை. அதில் வெளிச்சம் வரிசை வரிசையாக இறங்கும். வேண்டிய வரிசையில் விரல் அமுக்கினால் எழுத்தெழுத்தாக நகரும், மறுபடி அமுக்க வேண்டும். மின்விசிறியைக் குறைக்கச் சொல்லக் கால் மணி நேரம் ஆகும். குறைத்தால், அவ்வளவு வேண்டாம் என்று சொல்ல இன்னொரு கால் மணி நேரம் செலவழிப்பான். அப்படிப்பட்ட மனுஷன்.

நேற்றுச் சாயங்காலம் அவன் எழுதியது, 'அனிதா, உங்கிட்ட ஒண்ணு'. அதோடு கண் சொருகிவிட்டது. நாளைக்குச் சொல்லுங்க, நான் எங்கே போயிடப்போறேன் என்று சிரித்துக்கொண்டே அவள் அதைச் சேமித்து வைத்தாள்.

திரை நடுங்குவதுதான் அவனைக் களைக்க வைக்கிறது என்று அவளாக நினைத்துக்கொண்டாள். திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு பதினைந்து வருஷப் பழசு. அந்தக் கார்டை இயக்கும் மென்பொருள்தான் டிரைவர்; கம்ப்யூட்டரின் லினக்ஸ் சிஸ்டத்தோடு சும்மா வருகிற டிரைவரில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. விடிந்ததும், அவன் கண் விழிப்பதற்குள், டிரைவர் பட்டியலைத் திறந்தாள். கார்டு கம்பெனியின் டிரைவர்கள் இரண்டு இருந்தன. ஒன்றின் பக்கத்தில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று போட்டிருந்தது. அதைத் தொட்டாள். யார்தான் தொடமாட்டார்கள்?

இப்போது மேசையைக் குடைந்ததில் அவனுடைய நோட்டு கிடைத்தது. கை நன்றாக இருந்த காலத்து எழுத்து. 'புது லினக்ஸில் இந்தக் கார்டுக்குக் கம்பெனி டிரைவர் ஒத்துவராது. போட்டால் திரை கருப்பு. சும்மா வருவதே போதும். நடுங்கினாலும் ஓடும்.' அதன் கீழே, தப்பித்தவறிப் போட்டுவிட்டால் திரும்பிவரும் வழி ஏழு வரியில். இதை நேற்றே எடுத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

திரை கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெறும் எழுத்து மட்டும் வருகிற பக்கத்தை வரவழைத்து, நோட்டைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். பாஸ்வேர்டு இரண்டு தடவை தப்பியது.

தலைமாட்டில் அவன் அக்கா கண்ணாத்தாள் பால் கிண்ணத்தோடு நின்றாள்.

"அதெ உட்டுப்போட்டு இங்க வா சாமி. தம்பி கண்ணு உன்னயத்தான் தேடுது."

"ஒரே நிமிசமுங்க அண்ணி. இது வந்துருச்சுன்னா அவரே சொல்லுவாருங்க."

"ஒரு வாய் பாலாச்சும் ஊத்து."

"ஊத்தமாட்டேனுங்க. அவரு இன்னும் சொல்லி முடிக்கலீங்க."

பால் ஊற்றினால் போய்வாருங்கள் என்று சொன்ன மாதிரி. பாதியில் நிற்கிற பேச்சோடு ஒருத்தரை எப்படி அனுப்புவது? ஏழாவது வரியை அடித்தாள். கம்ப்யூட்டர் அணைந்து உயிர்பெற்றது. உள்ளே காற்றாடி பெரிதாக இரைந்தது. அந்த இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை.

திரை வந்தது. அதே பழைய நடுக்கத்தோடு வந்தது. அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு என்றைக்கும் வந்ததில்லை. நேற்றைய வாக்கியத்தைத் திறந்தாள், எழுத்துப் பலகையை ஓடவிட்டாள்.

"வந்துருச்சுங்க. சொல்லுங்க."

திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெளிச்சம் ஒரு சுற்று இறங்கியது. எழுத்து எதுவும் விழவில்லை. இன்னொரு சுற்று இறங்கியது. பின்னால் கண்ணாத்தாள் பால் கிண்ணத்தைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"திரும்பு சாமி."

அனிதா திரும்பினாள். அவன் கண் கால்மாட்டைப் பார்த்தபடி திறந்திருந்தது. கண்ணாத்தாள் அதை மூடிவிட்டு, விரலில் இருந்த பிளாஸ்திரியைப் பிரிக்கக் குனிந்தாள். அனிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

'ஒண்ணு' என்ற சொல்லுக்கு மேலே வெளிச்சம் கடைசி வரிசைக்கு இறங்கி, கொஞ்சம் நின்று, மறுபடியும் முதல் வரிசைக்குப் போனது.