வெள்ளிக்கிழமைப் பொட்டு

மலேசியாவில், ஜெஞ்சாரோம் பக்கத்துச் செம்பனை ஆலையில் வேலாயுதத்துக்கு எண்ணெய் ஊற்றும் வேலை. பழம் பிழியும் இயந்திரத்தை ஓட்டும் கியர்பாக்ஸ் அவன் பொறுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்து, உச்சியிலிருந்த பித்தளைக் குமிழில் சந்தனப் பொட்டு வைப்பான். பழைய பொட்டைத் துடைப்பது பாவம் என்று புதியதை அதன்மேலேயே வைப்பான்.

செப்டம்பரில் கியர்பாக்ஸின் சுழல்தண்டு ஓரமாக எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது.

“அளவுக்கு மேல ஊத்திட்ட. திங்கக்கிழமையும் ஒழுகினா, பாய்லர்ல சாம்பல் அள்ளத்தான் போகணும்,” என்றார் ஃபோர்மன் சிவசம்பு.

சாம்பல் என்றாலே வேலாயுதத்துக்குத் தும்மல். ஒன்று வந்தால் பதினேழு வரும். அளவுக்கம்பியை மூன்று முறை விட்டுப் பார்த்தான். எண்ணெய் கோட்டில் சரியாக நின்றது. இனி முருகன்தான் என்று பொட்டைப் பெரிதாக்கினான். இன்னும் ஒழுகியது. பக்தி போதவில்லை போலும் என்று சந்தனத்தை அள்ளி அப்பினான். சனிக்கிழமை கீழே வாளி வைக்க வேண்டியதாயிற்று.

“என்னண்ணே, பத்துமலையில முடி எறக்கிட்டீங்களா இதுக்கு?” என்று கேட்டான் இயந்திரம் ஓட்டும் கன்னையா.

திங்களன்று, ஆலை ஓடிச் சூடேறிய நேரத்தில், சிவசம்பு மாற்றல் கடிதத்தோடு வந்தார்.

“என்ன லா இது?” என்று குனிந்து, காய்ந்த சந்தனத்தைப் பேனாவால் குத்தினார்.

டப்!

சந்தனக் கட்டி பறந்து அவர் நெற்றியில் அப்பிக்கொண்டது. குமிழிலிருந்து புஸ்ஸ்ஸ் என்று நீளமாகச் சூட்டுக் காற்று வந்தது. வாளியில் சொட்டுவது மெல்லக் குறைந்து நின்றுபோனது.

“விசரா! அது மூச்சு விடுற வழி! சுத்தி ஓட்டை இருக்கு பாரு. சூட்டுக்காத்து அதுலதான் போகணும். நீ அடைச்சிட்ட, அது எண்ணெயைத் தள்ளிக்கிட்டு கீழ வருது!”

“மூக்குன்னு தெரியாது சார். நெத்தின்னு நெனச்சேன்.”

சிவசம்பு கையில் கிடைத்த தாளால் நெற்றியைத் துடைத்தார். துடைத்த பிறகுதான் அது மாற்றல் கடிதம் என்று தெரிந்தது. கசக்கி வாளியில் போட்டார்.

“சார்,” வேலாயுதம் தயங்கினான். “அப்ப நெத்தி எங்க சார்?”

திட்டத்தான் வாயைத் திறந்தார் சிவசம்பு. பிறகு யோசித்தார். இருவரும் தாடையைத் தடவிக்கொண்டு கியர்பாக்ஸைச் சுற்றி வந்தார்கள்.

“பின்பக்கம் வேணாம் சார்!” என்று கத்தினான் கன்னையா. “எண்ணெய் வடிக்கிற ஓட்டை அங்கதான் இருக்கு!”