வேண்டாம் என்று சொன்ன பிளம்பர்

1

இந்தக் கதை அண்ணியிடமிருந்து சுட்டது. அண்ணி டாக்டர். சளி, காய்ச்சல், வயிற்றுவலி என்று எது வந்தாலும் முதலில் பார்க்கிற சின்ன கிளினிக். குடியை விடமுடியாமல் வருகிறவர்களுக்கு மட்டும், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுப்பார். போனவர்கள் போனவர்கள்தான். இனி அதற்கும் அவரே வைத்தியம் பார்க்கலாம் என்று ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள்.

'அறிவொளி நிறைந்த அந்த அறையில்…'

[இந்த வரியைக் கைவிட்டேன். அங்கே இருந்தது டியூப்லைட். அதுவும் விட்டு விட்டு எரிந்ததாம்.]

2

பயிற்சியில் டாக்டர்களே நோயாளியாக நடிக்க வேண்டும். தினமும் குடிக்கிறவர் வேடம் அண்ணிக்கு. எதிரே டாக்டராகவே நடித்த இன்னொரு டாக்டர், உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்துவிட்டார்.

"குடும்பம் இருக்குல்ல? இப்படிக் குடிச்சா ஈரல் என்னத்துக்கு ஆகும்?"

"எப்பவாவதுதான் டாக்டர்" என்றார் அண்ணி.

பயிற்சி கொடுத்தவர் சிரித்துவிட்டார். "தினமும்னுதானே உங்களுக்குச் சொன்னோம்?"

வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத அண்ணி, நடிப்பில்கூடப் பொய் சொல்லியிருக்கிறார்! "திட்டு விழுந்ததும் தானா வாயில வந்துடுச்சுடா" என்றார் என்னிடம். "என்கிட்டயும் எல்லாரும் இப்படித்தானே சொல்லியிருப்பாங்க?"

தலை நரைத்தபிறகு இப்படி ஒரு கேள்வியைத் தனக்கே போட்டுக்கொள்ள தில் வேண்டும். எனக்கு அது கிடையாது.

3

இனி பிளம்பர். (கதைக்கு ரொம்பத் தோதாக இருக்கிறாரே என்று எனக்கே இவர்மேல் சந்தேகம் உண்டு.) வயிற்றெரிச்சல் என்று அடிக்கடி வருவார். கை நடுக்கத்தில் ஸ்பேனர் நழுவ ஆரம்பித்திருந்தது. ஒருமுறை ரத்த வாந்தியும் எடுத்துவிட்டார். இப்படியே போனால் ஆள் தேறமாட்டார் என்று அண்ணிக்குத் தெரியும்.

"உங்க குடியப் பத்திக் கொஞ்சம் பேசலாமா? இஷ்டம் இல்லேன்னா வேண்டாம்."

"வேண்டாம் டாக்டர்."

"சரி. படுங்க, வயித்தப் பாக்கறேன்."

[அவ்வளவுதானா அண்ணி என்று கேட்டேன். அவ்வளவுதானாம்.]

கதவுவரை போனவர் திரும்பினார். "நிஜமாவே விட்டுட்டீங்களே?"

"இன்னைக்கு விட்டுட்டேன். அடுத்த தடவையும் கேப்பேன். ஒண்ணு மட்டும், நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, வலிப்பு வந்துடும். மாத்திரை குடுத்துப் பக்குவமா நிறுத்தலாம். இங்கயே."

"இங்கயேவா? என்னை எல்லாரும் வெளிய போன்னுதான் சொல்லுவாங்க."

இதைக் கேட்டபோது அண்ணியை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

4

முடிவு ஒன்று: பிளம்பர் திருந்தி, கிளினிக் குழாயையெல்லாம் இலவசமாக… [சினிமா.]

முடிவு இரண்டு: அவர் அப்புறம் வரவே இல்லை. அண்ணி ஜன்னலருகே… [உங்களை அழவைக்கிற ஆசை.]

இரண்டையும் படித்த அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த மனுஷன் வேண்டாம்னதும் நானே வாய மூடிக்கிட்டேன். அவரைக் குணமாக்கவும் சாகடிக்கவும் உனக்கென்னடா அவசரம்?"

இரண்டையும் அடித்துவிட்டேன்.

5

நடந்தது இவ்வளவுதான். பிளம்பர் மறுபடி வந்தார். வயிற்றெரிச்சல் என்று சொல்லவில்லை. நேராக வந்து உட்கார்ந்தார். அண்ணி அதே கேள்வியைக் கேட்டார். அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

இதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை. அண்ணியின் நாற்காலியை உங்களுக்குத் தருகிறேன், உட்காருங்கள். நாக்கு நுனியில் ஓர் அறிவுரை வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள்.

அவர் தொண்டையைச் செருமுகிறார்.